கேம் கைடு புத்தகங்களை வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம்களுக்கென அச்சில் வரும் வழிகாட்டி நூல்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே பொருளைத் தொட்டுப் பலர் கேட்டிருந்ததால், சில கேள்விகளைச் சுருக்கியும் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்தும் வெளியிடுகிறோம்.

கேள்வி: அண்மையில் பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம் (பரந்த உலகில் விருப்பப்படி சுற்றித் திரியும் வகை) ஒன்றை வாங்கினேன். அதற்கென்று நானூறு பக்கங்களுக்கு மேல் வரும் தடித்த கைடு ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கிறது. எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது இதற்குப் பணம் கொடுப்பது வீண்செலவு இல்லையா?

பதில்: எங்காவது சிக்கிக்கொண்டால் வெளியே வர வழி தெரிய வேண்டும் என்பது மட்டுமே உங்கள் தேவை என்றால், வாங்க வேண்டாம். அந்த ஒரு வேலையில் இணையத்தை எந்தப் புத்தகத்தாலும் வெல்ல முடியாது. ஒரு கதவு திறக்கவில்லை என்று தேடினால், அதே கதவின் முன் நின்று திண்டாடிய இன்னொருவர் பதிவேற்றிய காணொளி உடனே கிடைத்துவிடுகிறது. பொருள்களைத் தேடிச் சேகரிக்கும் வேலையிலும் நிலைமை இதுதான். 2017இல் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' கேமில் 120 ஆலயங்களும் 900 கொரோக் விதைகளும் நிலப்பரப்பெங்கும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இவை அனைத்தையும் ஒரு புத்தகம் வரைபடத்தில் அழகாகக் குறித்துக் கொடுத்தாலும், எடுத்து முடித்தவற்றை நீங்கள்தான் பென்சிலால் அடித்துக்கொண்டே போக வேண்டும். இணைய வரைபடத்திலோ எடுத்தவற்றை மறைத்துவிட்டு மிச்சமிருப்பவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் புத்தகத்துக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்பீர்கள். நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே தேடுபொறி பதில் தருகிறது. கேட்கத் தோன்றாத கேள்விக்கு அங்கே பதில் இல்லை. ஒரு கேமில் ஆயுதங்களை மேம்படுத்தும் முறை இரண்டு இருக்கிறது என்பதே தெரியாதவர், இரண்டில் எது சிறந்தது என்று எப்படித் தேடுவார்? நல்ல கைடு ஒன்றில் ஆயுதங்கள், எதிரிகளின் பலவீனங்கள், ஒரு பொருளிலிருந்து இன்னொன்றைச் செய்வதற்கான தேவைகள் எல்லாம் அட்டவணைகளாக அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கின்றன. வேறொன்றைத் தேடிப் புரட்டும்போது கண்ணில் படும் ஒரு வரி, நீங்கள் விளையாடும் விதத்தையே மாற்றிவிடக்கூடும். கேம் முழுவதையும் விளையாடிப் பார்த்த ஒரு சிறு குழு, எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது என்று யோசித்து எழுதியது என்பதால் நடையிலும் சொற்களிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். விக்கி பக்கங்களில் பலர் கைவைத்திருப்பார்கள். ஒரு பகுதி நிரம்பி வழிய, அடுத்த பகுதி பாதியில் நிற்கும். கேமின் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் உரிய தகவல்கள் தேதியே இல்லாமல் ஒரே பத்தியில் கலந்து கிடப்பதும் உண்டு. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விடையைப் பத்து நிமிடத்துக்கு இழுக்கும் காணொளிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்த நன்மைகள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை இருக்கிறது: புத்தகம் விவரிக்கும் கேமும் உங்கள் திரையில் ஓடும் கேமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பு கேட்ரிட்ஜிலும் வட்டிலும் வந்த கேம் பெரும்பாலும் விற்ற நாளில் இருந்தபடியே இருந்தது. இப்போதைய கேம்கள் வெளியான பிறகும் மாறிக்கொண்டே போகின்றன. 2020 டிசம்பரில் வெளிவந்த 'சைபர்பங்க் 2077' இதற்கு நல்ல உதாரணம். அப்போது கதாபாத்திரத்துக்குக் கவசப் பாதுகாப்பை முக்கியமாகத் தந்தவை அணியும் உடைகள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட், அந்தப் பாதுகாப்பை உடலுக்குள் பொருத்தும் சைபர்வேர் கருவிகளுக்கு மாற்றியது. திறன் மரங்களையும் (திறன்களைக் கிளை கிளையாக வளர்க்கும் அமைப்பு) அடியோடு திருத்தி அமைத்தது. கேமோடு சேர்ந்து வெளியான புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்று விளையாடத் தொடங்குபவருக்குக் கதையும் ஊரின் அமைப்பும் பொருந்தும். எந்தத் திறனை வளர்ப்பது, என்ன அணிவது என்ற அறிவுரைகள் பொருந்தா. 2022 பிப்ரவரியில் வெளியான 'எல்டன் ரிங்' கேமில் சில வாரங்களுக்குள்ளேயே ஒரு பேட்ச் (கேமைத் திருத்தும் சிறு அப்டேட்) வந்து, வீரர்கள் பெரிதும் நம்பியிருந்த ஹோர்ஃபிராஸ்ட் ஸ்டாம்ப் உள்ளிட்ட சில தாக்குதல்களின் வலிமையைக் குறைத்துவிட்டது.

கைடு எழுதுபவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. கேம் வெளியாகும் நாளில் கடைக்கு வரவேண்டிய புத்தகம் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அச்சுக்குப் போயாக வேண்டும். ஆகவே எழுதுபவர் இன்னும் முடிவடையாத ஒரு பதிப்பை விளையாடித்தான் குறிப்பெடுக்கிறார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேமை உருவாக்குபவர்கள் எண்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். புத்தகம் அச்சகத்தில் இருக்கும் வாரங்களில் முதல் நாள் பேட்ச் தயாராகிவிடும்.

எனவே என் பதில் இது: வெளியான நாளிலேயே வாங்காதீர்கள். உங்கள் கேமுக்கு இன்னும் பெரிய அப்டேட்டோ விரிவாக்கமோ வரவிருக்கிறதா என்று பாருங்கள். வரவிருந்தால் பொறுத்திருங்கள். கடைசி விரிவாக்கமும் வந்து முடிந்த பிறகு வெளியாகும் முழுப் பதிப்புக் கைடு கிடைத்தால், கேமும் உங்களை இழுத்துப் பிடித்திருந்தால், அப்போது தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: இன்று இவ்வளவு யோசித்து வாங்கவேண்டியிருக்கும் இந்தப் புத்தகங்கள் ஒரு காலத்தில் எப்படி அவ்வளவு விற்றன?

பதில்: வேறு வழி இல்லாததால் விற்றன. 1980களின் கேம்கள் பலவற்றில் நினைவகம் மிகக் குறைவு. விளக்கங்களையும் வரைபடங்களையும் திரையில் வைக்க இடமில்லை. அதனால் கேமின் ஒரு பகுதி காகிதத்திலேயே வந்தது. வட அமெரிக்காவில் விற்ற முதல் 'ஜெல்டா' கேமின் பெட்டிக்குள் ஒரு மடிப்பு வரைபடம் இருந்தது. அதில் சில பகுதிகளை வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டிருந்தார்கள், மிச்சத்தை விளையாடுபவரே கண்டுபிடித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், யூகிக்கவே முடியாத புதிர்களும் இருந்தன. 'கேசில்வேனியா 2: சைமன்ஸ் குவெஸ்ட்' கேமில் சிவப்புப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாறைச் சரிவின் அருகே மண்டியிட்டுக் காத்திருந்தால்தான் சூறாவளி ஒன்று வந்து உங்களை அடுத்த இடத்துக்குத் தூக்கிச் செல்லும். கேமுக்குள் கிடைக்கும் குறிப்புகளை மட்டும் கொண்டு இதைத் தாமாகவே கண்டுபிடித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

ஜப்பானில் டொகுமா ஷோட்டன் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கைடு 1980களின் நடுவே அந்நாட்டுப் புத்தக விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கே போனது; நாவல்களையும் தன்வரலாறுகளையும் ஒரு மாரியோ கைடு முந்தியது என்றால் தேவை எவ்வளவு இருந்தது என்று புரியும். அமெரிக்காவில் நின்டெண்டோ நிறுவனம் 1988இல் 'நின்டெண்டோ பவர்' இதழைத் தொடங்கியது. சிக்கிக்கொண்டவர்கள் தொலைபேசியில் கேட்டால் வழி சொல்வதற்கென்றே ஆட்களையும் அமர்த்தியிருந்தது. 1990இல் பிரைமா, 1993இல் பிரேடிகேம்ஸ் என்று தனிப் பதிப்பகங்கள் உருவாகி, ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய கேமுக்கும் ஒரு புத்தகம் கொண்டுவந்தன. 1995இல் 'எர்த்பவுண்ட்' அமெரிக்காவில் வெளியானபோது பெட்டிக்குள்ளேயே கைடையும் வைத்து விற்றார்கள்.

அதே 1995இல்தான் கேம்ஃபேக்ஸ் என்ற இணையதளமும் தொடங்கியது. அதில் ஆர்வலர்கள் எழுதிய கைடுகள் வெறும் எழுத்துக் கோப்புகள். வரைபடங்களைக்கூடக் கோடுகளையும் புள்ளிகளையும் தட்டச்சு செய்தே வரைந்திருப்பார்கள். ஆனால் இலவசம், தவறு தெரிந்தால் திருத்திக்கொள்ளவும் முடியும். பின்னர் விக்கிகளும் யூடியூபும் வந்தன. 'நின்டெண்டோ பவர்' 2012 டிசம்பரோடு நின்றது. 2015இல் பிரேடிகேம்ஸ் பிரைமாவோடு இணைந்தது. 2018 நவம்பரில் பிரைமாவும் கைடு வெளியிடுவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

கேள்வி: கைடு விற்பதற்காகவே கேம் நிறுவனங்கள் சில இரகசியங்களை வேண்டுமென்றே கண்டுபிடிக்க முடியாதபடி வைத்தன என்கிறார்கள். இது உண்மையா?

பதில்: இந்தச் சந்தேகத்துக்கு எப்போதும் சான்றாகக் காட்டப்படுவது 2006இல் வெளியான 'ஃபைனல் ஃபேண்டஸி 12'. அதில் ஸோடியாக் ஸ்பியர் என்ற மிக வலிமையான ஈட்டி ஒரு குறிப்பிட்ட பெட்டியில் இருக்கிறது. ஆனால் அதற்கு வெகு முன்பே வரும் நான்கு சாதாரணப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்துவிட்டாலும் அந்த ஈட்டி அங்கே இருக்காது. அந்த நான்கு பெட்டிகளைத் திறக்கக்கூடாது என்று கேமில் எவரும் சொல்வதில்லை. பெட்டி என்றாலே திறந்து பார்ப்பது இவ்வகை கேம்களின் இயல்பு. அந்த இயல்பின்படி நடப்பவருக்கு ஈட்டி கைநழுவிப் போகும். வேறோர் இடத்தில் அது கிடைக்கும் வாய்ப்பு உண்டென்றாலும் அது மிக மிக அரிது. பின்னாளில் 2017இல் வந்த திருத்திய பதிப்பில் இந்தத் தடையை நீக்கிவிட்டார்கள்.

கைடு விற்பனைக்காகத்தான் இப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம் எதையும் நான் பார்த்ததில்லை. நண்பர்கள் கூடிப் பேசி இரகசியங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்திலும் இப்படிப்பட்டவற்றை வைப்பது பழைய கேம்களில் வழக்கம்தான். எந்த நோக்கமாக இருந்தாலும், புத்தகம் இல்லாதவருக்கு அநீதி நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதைவிட மோசமானது புத்தகம் வாங்கியவருக்கே நடந்த அநீதி. 2000ஆம் ஆண்டின் 'ஃபைனல் ஃபேண்டஸி 9' கேமுக்கு பிரேடிகேம்ஸ் வெளியிட்ட அதிகாரப்பூர்வ கைடு, பல இடங்களில் விடையை அச்சிடாமல் ஒரு குறிச்சொல்லை மட்டும் கொடுத்து, கேம் நிறுவனத்தின் ப்ளேஆன்லைன் தளத்துக்குப் போய் அந்தச் சொல்லை இட்டுப் பார்க்கும்படி சொன்னது. பணம் கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இணைய இணைப்புக்காக அலைந்தார்கள் வாசகர்கள். அன்று பலர் வீட்டில் இணைப்பே இல்லை. இப்போது அந்தச் சேவையும் போய்விட்டதால், பழைய பிரதி வாங்குபவருக்குக் கிடைப்பது ஓட்டைகள் நிறைந்த ஒரு நூல். அச்சு நூலுக்கு இருக்கும் பெரிய பலமே, வேறெதையும் சாராமல் நிற்பதுதான்; அந்தப் பலத்தைப் பதிப்பகமே கைவிட்டது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: கைடைப் பார்த்து விளையாடுவது ஏமாற்று வேலை என்று என் நண்பர் கேலி செய்கிறார். எனக்கோ வேலைக்குப் போய் வந்து கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை.

பதில்: ஒருவர் தனியாக விளையாடும் கேமில் ஏமாற்றப்படுபவர் என்று எவரும் இல்லை, உங்கள் நண்பரின் கேலியை விட்டுவிடலாம். கவலைப்பட வேண்டியது வேறொன்று உண்டு. புதிரை அவிழ்க்கும் இன்பத்துக்காக வாங்கிய கேமில், புதிர் என்னவென்று புரிவதற்குள்ளேயே விடை கண்ணில் பட்டுவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான். ஒரு சின்னச் சந்தேகத்துக்காகப் புத்தகத்தைத் திறக்கிறோம், எதிர்ப்பக்கத்தில் முக்கியக் கதாபாத்திரம் இறக்கும் காட்சியின் படம் இருக்கிறது: கைடு வாங்கிய பலருக்கும் இது நேர்ந்திருக்கும்.

இந்தச் சிக்கலை ஆகச் சிறப்பாகத் தீர்த்தவர்கள் மிகப் பழையவர்கள் என்பது வேடிக்கை. 'ஸோர்க்' முதலிய, எழுத்தால் மட்டுமே ஆன கேம்களை வெளியிட்ட இன்ஃபோகாம் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் இன்விசிக்ளூஸ் என்ற குறிப்பு நூல்களை விற்றது. அதில் கேள்விகள் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிடப்பட்டிருக்கும். விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கும். உடன் தரப்படும் தனிப் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து தோன்றும். ஒரு கேள்விக்குக் கீழே பல வரிகள். முதல் வரி மெல்லிய குறிப்பு, அடுத்தது கொஞ்சம் வெளிப்படையானது, கடைசி வரிதான் நேரான விடை. எந்த வரியோடு நிறுத்துவது என்பதை வாசகரே முடிவு செய்தார். கேள்விகளைப் படித்தே கேமில் என்னென்ன வரும் என்று ஊகித்துவிடக்கூடாது என்பதற்காக, கேமில் இல்லவே இல்லாத விஷயங்களைப் பற்றிய போலிக் கேள்விகளையும் இடையிடையே சேர்த்திருந்தார்கள். பின்னாளில் வண்ணப் பளபளப்போடு வந்த கைடுகளில் மிகப் பலவற்றுக்கு இந்த நயம் வாய்க்கவில்லை. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அடிக்கு அடி சொல்லிக்கொண்டு போவதையே அவை பெரிதாக நினைத்தன.

உங்களைப் போல நேரம் குறைவாக உள்ளவர் வாங்கும்போது, கதைப் பகுதியையும் அட்டவணைப் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் கைடைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கதைப் பகுதிக்குள் போகாமலே எதிரிகளின் பட்டியலையும் வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளலாம். சில நூல்கள் கதையை வெளிப்படுத்தும் பக்கங்களுக்கு முன்னே எச்சரிக்கையும் அச்சிடுகின்றன.

கேள்வி: என் பத்து வயது மகள் மைன்கிராஃப்ட் புத்தகம் கேட்கிறாள். அந்த கேம் அடிக்கடி மாறுகிறதே, வாங்கித் தரலாமா?

பதில்: வாங்கிக் கொடுங்கள், ஆனால் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். 2013இலிருந்து வரும் அதிகாரப்பூர்வக் கையேடுகளில் பழையவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2021 நவம்பரில் வந்த 1.18 அப்டேட் நிலத்தடி உலகத்தை ஆழப்படுத்தி, தாதுக்கள் கிடைக்கும் இடங்களையும் மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய புத்தகங்கள் வைரத்துக்காக உயர அளவு 11ஐ ஒட்டித் தோண்டச் சொல்லும். இப்போது வைரம் அதிகம் கிடைப்பது அதற்கு வெகு கீழே, உலகின் அடித்தளத்தை ஒட்டிய −59 அளவில். பழைய கையேட்டை நம்பித் தோண்டும் குழந்தைக்கு வைரம் அறவே கிடைக்காமல் போகாது, ஆனால் எரிச்சல் நிச்சயம் வரும்.

வீடு கட்டும் யோசனைகள், ரெட்ஸ்டோன் (கேமுக்குள் மின்சாரம் போலச் செயல்படும் பொருள்) சுற்றுகளின் அடிப்படை ஆகியவற்றைச் சொல்லும் நூல்களுக்கு இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. ஒரு சுற்று எப்படி இயங்குகிறது என்பதைப் படத்தைப் பார்த்து, கேமில் கட்டிப் பார்த்து, தவறினால் மறுபடி பக்கத்துக்குத் திரும்பும் வேலையில் குழந்தைகள் வியக்கத்தக்க பொறுமை காட்டுகிறார்கள். இதே வேலைக்குக் காணொளி பார்க்க உட்கார்ந்தால் அடுத்த காணொளி, அதற்கடுத்தது என்று இழுத்துக்கொண்டே போகும். கேம்களைப் பற்றிய எல்லா அச்சு நூல்களிலும் குழந்தைகளுக்கான இந்த வகையைத்தான் நான் மிகக் குறைந்த தயக்கத்தோடு பரிந்துரைப்பேன்.

கேள்வி: ஆன்லைனில் பிறரோடு மோதும் போட்டி கேம்களுக்குக் கைடு புத்தகம் உதவுமா?

பதில்: உதவாது. ஆயுதங்கள், கதாபாத்திரங்களின் வலிமைச் சமநிலை வாரக்கணக்கில் மாறும் கேமுக்கு அச்சு நூல் வாங்குவது, சென்ற ஆண்டின் ரயில் கால அட்டவணையை வாங்குவதைப் போன்றது.

கேள்வி: பழைய கேம்களின் கைடுகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். பயன்படுத்தப்பட்ட பிரதி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் வரைபடம். பல கைடுகளில் பெரிய மடிப்பு வரைபடமோ சுவரொட்டியோ தனியாக வைக்கப்பட்டிருக்கும்; பிரதி கைமாறும்போது முதலில் காணாமற்போவது அதுதான். விற்பவரிடம் அதன் படத்தைத் தனியாகக் கேளுங்கள். அடுத்தது கட்டு. 1990களின் கைடுகள் பெரும்பாலும் பசையால் ஒட்டிய மென்னட்டை நூல்கள். விளையாடிக்கொண்டே மடியிலோ தரையிலோ விரித்துப் போட்டுப் பயன்படுத்தியவை என்பதால், முதுகு உடைந்து பக்கங்கள் கழன்றிருப்பது சாதாரணம். நடுப்பக்கங்களின் படத்தையும் கேட்டுப் பாருங்கள். சேகரிப்புக்கு என்று இல்லாமல் பயன்பாட்டுக்கு வாங்குகிறீர்கள் என்றால், முந்தைய உரிமையாளர் பென்சிலால் போட்ட குறிகளைக் குறையாக நினைக்க வேண்டாம்.

மூன்றாவதாக, பின்னட்டையில் இணையக் குறியீடு, டிஜிட்டல் வரைபடம், கேமுக்குள் கிடைக்கும் இலவசப் பொருள் என்று எழுதியிருந்தால் அவை இன்று வேலை செய்யா என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும், அல்லது அதை ஏற்கும் சேவையே நின்றிருக்கும்.

கேமின் பதிப்பு எது என்பதையும் பாருங்கள். ஒரே பெயரில் மறுபதிப்பு, ரீமேக் என்று மூன்று கேம்கள் இருக்கும். 'ரெசிடெண்ட் ஈவில் 2' என்று அட்டையில் இருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால், 1998இன் கேமுக்கான நூல் 2019இன் ரீமேக்கை விளையாடுபவர் கைக்கு வந்து சேரும். இரண்டிலும் காவல் நிலையம்தான், ஆனால் அறைகளின் அமைப்பும் புதிர்களின் விடைகளும் வேறு.

கேள்வி: பிரைமா நின்றுவிட்டது என்கிறீர்கள். இப்போதும் இப்படிப்பட்ட நூல்களை வெளியிடுவது யார்? இணையக் கடைகளில் 'அதிகாரப்பூர்வமற்ற கைடு' என்று நிறைய வருகின்றனவே, அவற்றை நம்பலாமா?

பதில்: பெரிய கேம்களுக்கு இன்று கவனத்தோடு நூல் செய்பவர்களாக இரண்டு பெயர்களைச் சொல்லலாம். பிகிபேக் நிறுவனம் 'ஜெல்டா' வரிசைக்கு வெளியிட்ட கைடுகள் வரைபடங்களுக்கும் பக்க வடிவமைப்புக்கும் பெயர்பெற்றவை. 2023இன் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' வரை அது தொடர்ந்திருக்கிறது. ஜெர்மனியின் ஃபியூச்சர் பிரெஸ், 'டார்க் சோல்ஸ்', 'பிளட்போர்ன்', 'எல்டன் ரிங்' போன்ற கடினமான கேம்களை எடுத்துக்கொண்டு, பாஸ்கள் எனப்படும் வலிமைமிக்க முக்கிய எதிரிகளின் ஒவ்வொரு தாக்குதலையும் படம் படமாகப் பிரித்து விளக்குகிறது. 'எல்டன் ரிங்' கைடு கேமோடு சேர்ந்து வரவில்லை. சில மாதங்கள் கழித்துத் தனித்தனித் தொகுதிகளாக வந்தது. முதல் கேள்விக்கு நான் சொன்ன பொறுமையை அங்கே பதிப்பகமே காட்டியிருக்கிறது. சிறிய கேம்களில் 'ஸ்டார்டியூ வேலி'க்கான கையேடு குறிப்பிடத்தக்கது. கேம் வளர்ந்தபோது அந்த நூலையும் திருத்தி மறுபதிப்புச் செய்தார்கள்.

அதிகாரப்பூர்வமற்றவை என்ற காரணத்துக்காக மட்டும் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆர்வலர்கள் உழைத்து எழுதிய நல்ல நூல்கள் அந்த வகையில் உண்டு. ஆனால் கேம் வெளியான அதே வாரத்தில், எழுதியவரின் வேறெந்த நூலும் தெரியாத நிலையில், படமே இல்லாமல், கேட்டால் மட்டும் அச்சிட்டு அனுப்பும் முறையில் விற்கப்படும் ஐம்பது அறுபது பக்கப் புத்தகங்களிலிருந்து விலகியிருங்கள். விக்கியிலிருந்து எடுத்த பத்திகளும், எந்த கேமுக்கும் பொருந்தும் பொதுவான அறிவுரைகளும்தான் இவற்றில் பெரும்பாலும் இருக்கும். கடை சில பக்கங்களை மாதிரியாகக் காட்டினால் படித்துப் பாருங்கள். அந்த கேமில் மட்டுமே இருக்கக்கூடிய ஓர் இடப்பெயரோ எண்ணோ இரண்டு பக்கத்துக்குள் வரவில்லை என்றால் அங்கேயே மூடிவிடலாம்.

கேள்வி: விளையாடி முடித்துவிட்ட ஒரு கேமின் கைடைப் பார்த்தேன், வாங்க ஆசையாக இருக்கிறது. முடித்த பிறகு கைடு வாங்குவதில் அர்த்தம் உண்டா?

பதில்: கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், அச்சு நூலுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகர் இல்லை. கதை முன்கூட்டியே தெரிந்துவிடும் ஸ்பாய்லர் பயமில்லை, கேமும் பெரும்பாலும் மாறி முடிந்திருக்கும், நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன அறைகளையும், ஒரு முறைகூடப் பயன்படுத்தாத ஆயுதங்களையும் அங்கே சந்திப்பீர்கள். ஜப்பானில் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் கேம்களுக்கு வரும் 'அல்டிமேனியா' வரிசை நூல்களை வாங்குபவர்களில் பலர் இப்படிப்பட்டவர்களே. வழிகாட்டலோடு கதையின் பின்னணி, வடிவமைப்பு ஓவியங்கள், உருவாக்கியவர்களின் நேர்காணல்கள் எல்லாம் அவற்றில் இடம்பெறுகின்றன. உங்கள் கேமுக்கு அடிக்கு அடி வழி சொல்லும் கைடு ஒன்றும், ஓவியங்களும் உருவான கதையும் நிறைந்த நூல் ஒன்றும் தனித்தனியாகக் கிடைத்தால், முடித்துவிட்டவர் என்ற முறையில் இரண்டாவதை வாங்குங்கள். இரண்டும் ஒரே நூலில் இருந்தால் கெட்டி அட்டைப் பதிப்பைத் தேடுங்கள். அடிக்கடி எடுத்துப் புரட்டப்போகிற புத்தகத்துக்கு மென்னட்டை தாங்காது.